இரு கையிலும் ஆயுதம் ஏந்தும் போர்த் துறவி: எந்த வழியில் உருவாக்குவது?

மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மாங்க் என்னும் துறவி வகுப்பை எடுக்க நினைக்கும் பலர், கவசம் அணியாத ஒரு துறவி இரண்டு கைகளிலும் குட்டையான ஆயுதங்களைச் சுழற்றியபடி எதிரிகளின் நடுவே புகுவதைத்தான் மனக்கண்ணில் காண்கிறார்கள். ஒகினாவாவின் கொபுடோ என்னும் ஆயுதக் கலை மரபில் சாய் என்னும் முள்கோல், காமா என்னும் அரிவாள், டொன்ஃபா என்னும் கைப்பிடித் தடி ஆகியவை இணை இணையாகக் கையாளப்படுவதால் அந்தக் கற்பனைக்கு நடைமுறை ஆதாரமும் உண்டு. ஆயினும், 1975-இல் வெளிவந்த பிளாக்மூர் துணைநூலில் அறிமுகமான மாங்க் வகுப்பின் அடையாளம் இன்றுவரை வெறுங்கை அடிதான். இரண்டாவது ஆயுதத்துக்கான இடத்தை ஆட்டக்காரரே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளும் 2024-இல் திருத்தப்பட்ட விதிகளும் இன்று மேசைகளில் ஒருசேரப் புழங்குவதால், இரண்டையும் தனித்தனியே பார்ப்பது அவசியமாகிறது. ஒன்றில் சரியாக அமையும் தேர்வு மற்றொன்றில் வீணாகிவிடுகிறது.

எந்த வழியை எடைபோடும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இரண்டாவது ஆயுதம் அடிப்பதற்கான வாய்ப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு கதாபாத்திரத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் தன் முறை வரும்போது ஆக்‌ஷன் எனப்படும் முதன்மைச் செயல் ஒன்றும் போனஸ் ஆக்‌ஷன் எனப்படும் துணைச் செயல் ஒன்றும் மட்டுமே கிடைக்கின்றன. லைட் (இலேசானது) என்னும் பண்புள்ள இரு ஆயுதங்களை ஏந்தியவர், ஒன்றால் அடித்தபின் மற்றொன்றால் அடிக்கப் போனஸ் ஆக்‌ஷனைச் செலவிடுகிறார். மாங்க்கோ தன் கூடுதல் வெறுங்கை அடிக்கும், ஃப்ளரி ஆஃப் ப்ளோஸ் எனப்படும் அடிமழைக்கும், தற்காப்புக்கும், ஓட்டத்துக்கும் அதே போனஸ் ஆக்‌ஷனையே நம்பி வாழ்கிறார். இந்த நெருக்கடியைக் கவனிக்காமல் உருவாக்கப்படும் இரு கை ஆயுதத் துறவி, ஒரு கை ஆயுதத் துறவியைவிடப் பலவீனமாகவே வந்து நிற்பார்.

2014 விதிகளில் ஆடும் மேசைகள்

இந்த விதிகளில் கணக்கு மிகவும் கறாராக இருக்கிறது. முதல் லெவலில் (வளர்ச்சிப் படியில்), டெக்ஸ்டெரிட்டி என்னும் சுறுசுறுப்பு மதிப்பு 16 உள்ள ஒரு மாங்க், குறுவாளால் ஒரு முறை தாக்கிவிட்டுப் போனஸ் ஆக்‌ஷனுக்கு வருகிறார் என்று கொள்வோம். வெறுங்கையால் அடித்தால் நான்முகப் பகடையோடு, டெக்ஸ்டெரிட்டியிலிருந்து வரும் கூட்டெண்ணான மாடிஃபையர் 3 சேர்ந்து சராசரியாக 5.5 சேதம் விளைகிறது. மறுகையில் உள்ள குறுவாளால் அடித்தாலோ, மாடிஃபையர் சேராத ஆறுமுகப் பகடை மட்டுமே, சராசரி 3.5. இரண்டாம் லெவலில், மாங்க் தன் சிறப்புத் திறன்களுக்குச் செலவிடும் கீ புள்ளிகள் வந்தவுடன் ஒரு புள்ளியைக் கொடுத்து இரண்டு வெறுங்கை அடிகள் அடிக்கலாம் என்பதால் இடைவெளி மேலும் விரிகிறது. ஃபைட்டர் என்னும் போர்வீரர் வகுப்பில் ஒரு லெவல் எடுத்து, மறுகை அடிக்கு மாடிஃபையர் சேர்க்கும் சண்டைப் பாணியைக் கற்றுக்கொண்டாலும் 6.5-ஐத்தான் எட்ட முடியும். ஒரு புள்ளி கூடுதல் சேதத்துக்காக மாங்க்கின் வளர்ச்சி முழுவதையும் ஒரு லெவல் பின்னுக்குத் தள்ளுவது கட்டுப்படியாகாது.

விதிவிலக்காக ஒரு சூழலைச் சொல்லலாம். மாங்க்கின் வெறுங்கை அடிகள் ஆறாம் லெவலில்தான் மாயத்தன்மை பெறுகின்றன. அதற்கு முன் ஓநாய் மனிதன் போன்ற எதிரி வந்தால், மாயமோ வெள்ளிப் பூச்சோ இல்லாத அடி எதுவும் அவன்மேல் ஏறாது. அந்த ஒரு சண்டையில் வெள்ளி பூசிய இரண்டு குத்துவாள்களை ஏந்திய துறவி, வெறுங்கையை நம்பிய துறவியைவிட நன்றாகவே தாக்குப்பிடிப்பார். ஆனால் ஒரு சண்டைக்காகக் கதாபாத்திரத்தையே வடிவமைக்க முடியாது. இரண்டாவது குத்துவாளைப் பையில் வைத்திருந்தால் போதும்.

டூயல் வீல்டர் என்னும் ஃபீட் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) பலரை ஈர்க்கிறது. இரு கைகளிலும் தனித்தனி ஆயுதம் இருக்கும்வரை எதிரியின் தாக்குதல் எட்ட வேண்டிய எண்ணான ஆர்மர் கிளாஸில் 1 கூடும் என்பதால், மறுகை ஆயுதத்தால் ஒருமுறைகூட அடிக்காமலே அதன் பலனைப் பெறலாம் என்ற வாதம் உண்டு. வாதம் சரிதான். ஆனால் அந்த ஃபீட்டுக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டியை 2 கூட்டினால் ஆர்மர் கிளாஸில் அதே 1 கிடைப்பதோடு, ஒவ்வொரு அடியின் துல்லியமும் சேதமும் கூடுகின்றன. டெக்ஸ்டெரிட்டி 20-ஐத் தொட்ட பிறகு வேண்டுமானால் இந்த ஃபீட்டைப் பற்றி யோசிக்கலாம்.

2017-இல் வந்த ஸனத்தார் வழிகாட்டி நூலின் கென்சே மரபு (மாங்க் வகுப்பின் ஒரு கிளை), ஆயுதத்தை நேசிக்கும் துறவிகளுக்கென்றே எழுதப்பட்டது. அதன் மூன்றாம் லெவலில் கிடைக்கும் அஜைல் பாரி என்னும் தடுப்புத் திறன், கென்சே ஆயுதத்தைக் கையில் வைத்தபடி அட்டாக் ஆக்‌ஷனின் பகுதியாக ஒரு வெறுங்கை அடி அடித்தால், அடுத்த முறை வரும்வரை ஆர்மர் கிளாஸில் 2 கூட்டுகிறது. அதாவது ஆயுதம் தடுக்கிறது, உடல் அடிக்கிறது. இரு கை ஆயுதத்தோடு இதைப் பொருத்தினால் பார்வைக்கு அழகாக இருக்கும். விதிப்படி இரண்டாவது ஆயுதம் சும்மா நிற்கிறது. கென்சே ஒற்றை ஆயுதக்காரருக்கான மரபு என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே 2014 மேசையில் என் பரிந்துரை எளியது: இரு ஆயுதங்களையும் வருணனையில் வைத்துக்கொண்டு, வெறுங்கை அடியின் கணக்கையே இரண்டாவது ஆயுதத்தின் கணக்காகப் பாவிக்க ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் ஒப்புதல் பெற்றுவிடுவது. சேத வகையை மாற்றாமல், மாய ஆயுதப் பலன் எதையும் கேட்காமல் வைக்கப்படும் இந்தக் கோரிக்கையை மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்காது. தடியைச் சங்கிலிக் கோல் என்றும் அரிவாளைக் காமா என்றும் கொள்ளலாம் என்று மாங்க் வகுப்பின் விதியே உதாரணம் காட்டுகிறது. அந்த மனப்பான்மையின் நீட்சிதான் இது.

2024 விதிகள் திறந்துவிட்ட கதவு

திருத்தப்பட்ட விதிகளில் மூன்று மாற்றங்கள் சேர்ந்து நிலைமையைப் புரட்டிவிட்டன. முதலாவது, எளிய கைச்சண்டை ஆயுதங்கள் அனைத்தோடும் லைட் பண்புள்ள கைச்சண்டைப் போர் ஆயுதங்களும் மாங்க் ஆயுதங்களாகிவிட்டன. ஸ்கிமிட்டர் எனப்படும் வளைவாளும் அவற்றுள் அடங்கும். இரண்டாவது, மாங்க்கின் பகடை முதல் லெவலிலேயே ஆறுமுகமாகவும், ஐந்தாம் லெவலில் எண்முகமாகவும் உயர்ந்துவிட்டது. ஆயுதத்தின் பகடைக்குப் பதில் இதையே உருட்டலாம். மூன்றாவதும் முக்கியமானதுமான மாற்றம், வெப்பன் மாஸ்டரி என்னும் ஆயுதத் தேர்ச்சிப் பண்புகளின் வருகை. அவற்றுள் நிக் என்ற பண்பு, மறுகை லைட் ஆயுதத்தின் கூடுதல் அடியைப் போனஸ் ஆக்‌ஷனிலிருந்து எடுத்து அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. போனஸ் ஆக்‌ஷன் முழுவதுமாக விடுபட்டு ஃப்ளரிக்குக் கிடைக்கிறது. அந்தக் கூடுதல் அடி ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் என்றாலும், துறவிக்கு அதுவே போதும்.

இடறல் ஒன்று இருக்கிறது. ஃபைட்டர், ரேஞ்சர், ரோக், பாலடின், பார்பேரியன் ஆகிய வகுப்புகளுக்கு வெப்பன் மாஸ்டரி உண்டு; மாங்க்குக்கு இல்லை. எனவே நிக் பண்பை எங்கிருந்து வாங்கிக்கொள்வது என்பதே 2024 மேசையில் எடுக்க வேண்டிய முடிவு. கைக்கு எட்டும் வழிகள் மூன்று: நான்காம் லெவலில் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட்; ஃபைட்டர் வகுப்பில் ஒரு லெவல்; ரேஞ்சர் வகுப்பில் ஒரு லெவல். நிக் பண்பே வேண்டாம் என்று தூய மாங்க்காகத் தொடர்வதை நான்காவது வழியாக ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

ஒப்பிடுவதற்கு ஒரே அளவுகோல் வேண்டும். மொத்த லெவல் 6, டெக்ஸ்டெரிட்டி 18, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 15 என்று கொண்டால், பகடையோடு சேரும் தாக்குதல் மதிப்பு 7 என்பதால் இருபதுமுகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வெற்றி வாய்ப்பு 65 சதவீதம். மாடிஃபையர் சேர்ந்த ஓர் அடியின் சராசரி 8.5, சேராத அடியின் சராசரி 4.5. இரட்டைச் சேதம் தரும் கிரிட்டிக்கல் அடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தூய மாங்க், ஒரு ஃபோக்கஸ் புள்ளி (2014-இன் கீ புள்ளிதான்) செலவிட்டு ஃப்ளரி அடித்தால் நான்கு அடிகள். ஒரு சுற்றின் எதிர்பார்ப்பு, அதாவது சராசரிச் சேதம், 22.1. வெப்பன் மாஸ்டர் ஃபீட் எடுத்த மாங்க்குக்கு மாடிஃபையர் இல்லாத ஐந்தாவது அடி ஒன்று சேர்கிறது, எதிர்பார்ப்பு 25. ஃபைட்டர் 1, மாங்க் 5 என்ற கலவையில் டூ வெப்பன் ஃபைட்டிங் என்ற சண்டைப் பாணியும் கிடைப்பதால் ஐந்து அடிகளுக்கும் மாடிஃபையர் உண்டு, எதிர்பார்ப்பு 27.6. ரேஞ்சர் 1, மாங்க் 5 என்ற கலவையில் நிலைமை சற்றுச் சிக்கலானது. முதல் சுற்றில், எதிரி ஒருவனைக் குறிவைக்கும் ஹன்டர்ஸ் மார்க் மந்திரத்துக்குப் போனஸ் ஆக்‌ஷன் போய்விடுவதால் ஃப்ளரி இல்லை, எதிர்பார்ப்பு 20.8. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு வெற்றி அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை சேர்வதால் 36.4 ஆகிவிடுகிறது.

மூன்று சுற்றுகள் நீடிக்கும் ஒரு சண்டையில், ஒரே எதிரியையே அடித்துக்கொண்டிருந்தால், தூய மாங்க் சுமார் 66, வெப்பன் மாஸ்டர் 75, ஃபைட்டர் கலவை 83, ரேஞ்சர் கலவை 94 என்று கணக்கு முடிகிறது. இந்த வரிசையைப் பார்த்தவுடன் ரேஞ்சர் பக்கம் சாய்வது இயல்பு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

காரணம், அந்த 94 பல நிபந்தனைகளின்மேல் நிற்கிறது. ஹன்டர்ஸ் மார்க் மனக்குவிப்பைக் கோரும் மந்திரம். முன்வரிசையில் நின்று அடி வாங்குபவரிடமிருந்து அது எந்த நேரமும் கலைந்து போகலாம். மூன்றாம் லெவலில் வரும் டிஃப்ளெக்ட் அட்டாக்ஸ் ஒரு அடியின் சேதத்தைப் பெருமளவு குறைத்து இந்த ஆபத்தைத் தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் அதுவும் சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே கிடைக்கும் ரியாக்‌ஷன் என்னும் எதிர்வினைதான். குறிக்கப்பட்ட எதிரி செத்தால் குறியை அடுத்தவன்மேல் மாற்றப் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். அந்தச் சுற்றில் மறுபடி ஃப்ளரி இல்லை. இரண்டு சுற்றில் சாகும் சில்லறை எதிரிகள் நிறைந்த சண்டையில், போனஸ் ஆக்‌ஷனுக்கான அதே பழைய தள்ளுமுள்ளு வேறு பெயரில் திரும்பி வந்துவிடுகிறது. பெரிய உயிர் ஒன்றை எல்லோரும் சேர்ந்து வீழ்த்தும் ஆட்டங்களில் மட்டுமே ரேஞ்சர் கலவை தன் முழு மதிப்பைக் காட்டும்.

கலவைகள் இரண்டுக்கும் பொதுவான இன்னொரு விலை ஐந்தாம் லெவலில் வசூலிக்கப்படுகிறது. தூய மாங்க் அந்த லெவலில் இரண்டாவது தாக்குதலையும், எண்முகப் பகடையையும், எதிரியைச் செயலிழக்கச் செய்யும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கையும் ஒரே நாளில் பெறுகிறார். கலவை எடுத்தவர் இன்னும் நான்காம் லெவல் மாங்க்காகவே நிற்கிறார். எல்லா அடிகளும் பட்டால் வெப்பன் மாஸ்டர் மாங்க்கின் சேதம் 38.5, ஃபைட்டர் கலவைக்கு 30 மட்டுமே. அதற்கு முந்தைய நான்காம் லெவலிலும் கலவைக்காரருக்கு ஃபீட் இல்லை. இரண்டு லெவல்கள் தொடர்ந்து பின்தங்கியிருப்பது காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், மாதம் ஒருமுறை கூடி ஆடும் குழுவில் அது பல மாதங்களாக நீளும். உயர் லெவலில் தொடங்கும் ஆட்டமென்றால் இந்த ஆட்சேபத்துக்கு வேலையே இல்லை.

வெப்பன் மாஸ்டர் ஃபீட் இதனால்தான் எனக்குப் பிடித்த வழி. அது டெக்ஸ்டெரிட்டியையும் 1 கூட்டுகிறது. தொடக்கத்தில் புள்ளிகளைக் கொடுத்துத் திறன்களை வாங்கும் பாயின்ட் பை முறையில் டெக்ஸ்டெரிட்டி 15, விஸ்டம் (மதிநுட்பம்) 15 என வாங்கி, கதாபாத்திரத்தின் பின்னணி தரும் உயர்வைச் சேர்த்து 17, 16 என வைத்துக்கொண்டவர், நான்காம் லெவலில் இந்த ஃபீட்டோடு 18-ஐத் தொட்டுவிடுகிறார். மாடிஃபையர் கணக்கில் எதையும் இழக்கவில்லை. ஆர்மர் கிளாஸும் 16-இலிருந்து 17 ஆகிறது. தேர்ச்சி பெற்ற ஆயுத வகையை ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

பெயரில் மட்டும் ஏமாற வேண்டாம். 2024-இன் டூயல் வீல்டர் ஃபீட், மாங்க்குக்குப் பெரிய பயன் எதுவும் தருவதில்லை. அது தரும் கூடுதல் அடி போனஸ் ஆக்‌ஷனைக் கேட்கிறது, மாடிஃபையரும் சேர்ப்பதில்லை. மாங்க்கின் இலவச வெறுங்கை அடியே அதைவிட மேலானது.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

எண்களை ஒருமுறை மேசையில் ஓடவிட்டுப் பார்ப்பது உதவும். ஆறாம் லெவல் துறவி, இரு கைகளிலும் அரிவாள், வெப்பன் மாஸ்டர் ஃபீட், எதிரே ஆர்மர் கிளாஸ் 15 உள்ள காவல் தலைவன். வலக்கை அரிவாளுக்குப் பகடையில் 11. மொத்தம் 18, அடி படுகிறது. எண்முகப் பகடை 6 காட்ட, சேதம் 10. அங்கேயே ஒரு ஃபோக்கஸ் புள்ளியைக் கொடுத்து ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கை அறிவிக்கிறார். தப்பிக்க 14 எடுக்க வேண்டிய தலைவன் 9-இல் தோற்று நிலைகுலைகிறான். இனி அவன்மேல் விழும் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தாக்குதலுக்கு 4, 13. பட்டு 7 சேதம். நிக் அடி இடக்கை அரிவாளிலிருந்து வருகிறது: 9, 2; மொத்தம் 16 என்பதால் படுகிறது, மாடிஃபையர் இல்லாமல் 5. பிறகு ஃப்ளரிக்கு இன்னொரு புள்ளி: உதைக்கு 6, 17 விழுந்து 6 சேதம், முழங்கை இடிக்கு 3, 5 விழுந்து வீணாகிறது. மொத்தம் 28.

கைகள் இரண்டிலும் ஆயுதம் இருக்கும்போது வெறுங்கை அடி எப்படிச் சாத்தியம் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. உதை, தலைமுட்டு என்று உடலின் எந்தப் பகுதியாலும் அந்த அடியை அடிக்கலாம் என்று விதியே சொல்லிவிடுகிறது. ஆயுதத்தை உருவுவதும் இப்போது தொல்லையில்லை. 2024 விதிகளில் அட்டாக் ஆக்‌ஷனின் ஒவ்வொரு தாக்குதலோடும் ஓர் ஆயுதத்தை எடுக்கவோ உறையில் இடவோ முடியும்.

இரண்டாவது ஆயுதத்துக்கு எதிரான வாதம்

வெறும் சேதக் கணக்கை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் குறுக்கிடுவார், அவர் குறுக்கிடுவது நியாயமும் கூட. நான்காம் லெவலில் வெப்பன் மாஸ்டருக்குப் பதில் கிராப்ளர் ஃபீட்டை எடுத்த துறவி, அட்டாக் ஆக்‌ஷனில் வெறுங்கை அடி பட்டவுடன் சேதத்தோடு சேர்த்து எதிரியைப் பிடித்துக்கொள்ளவும் முயலலாம். பிடிபட்டவன்மேல் அவர் அடிக்கும் எல்லாத் தாக்குதலுக்கும் இரட்டைப் பகடைச் சலுகை உண்டு. 65 சதவீத வாய்ப்பு ஏறத்தாழ 88 ஆகிவிடுகிறது. பிடி நிலைத்துவிட்ட சுற்றில் அதே நான்கு அடிகளின் எதிர்பார்ப்பு 29.8. ஒரே ஃபீட்டின் விலையில் இது இரு அரிவாள் துறவியின் 25-ஐத் தாண்டிவிடுகிறது. டெக்ஸ்டெரிட்டி உயர்வும் இந்த ஃபீட்டில் உண்டு.

ஆனால் பிடிப்பதற்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். இரு கை ஆயுதமும் மல்யுத்தப் பிடியும் ஒரே உடலில் சேராது. உருவத்தில் இரண்டு படி பெரிய எதிரியைப் பிடிக்கவும் முடியாது. எதிரி தன் சோதனையில் தேறிவிட்டால் அந்தச் சுற்றின் சலுகையும் இல்லை. பூதங்களும் டிராகன்களும் அடிக்கடி வரும் ஆட்டத்தில் கிராப்ளரின் முன்னிலை தேய்ந்துவிடும். மனிதர்களோடும் சிறு அரக்கர்களோடும் மோதும் நகரத்து ஆட்டத்தில் அதுவே கொடிகட்டிப் பறக்கும். இரண்டு ஆயுதங்களின் தோற்றத்தின்மேல் தனிப்பட்ட பிரியம் இல்லாதவர் கிராப்ளரையே எடுக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எந்த மரபு, எந்த ஆயுதம்

2024 ஆட்டக்காரர் கையேட்டில் உள்ள நான்கு மாங்க் மரபுகளில், ஆயுத அடிக்கு உண்மையில் உதவுவது ஒன்றே ஒன்றுதான். ஓப்பன் ஹேண்ட் மரபின் தள்ளலும் வீழ்த்தலும் ஃப்ளரியின் வெறுங்கை அடிகளுக்கே பொருந்தும். மெர்ஸி மரபின் கூடுதல் சேதமும் வெறுங்கைக்கே. எலிமென்ட்ஸ் மரபு வெறுங்கை வீச்சு எட்டும் தூரத்தை 10 அடி அளவு நீட்டுகிறது. தள்ளி நின்று அடிப்பதுதான் அதன் முழு இன்பம், அரிவாளோ கிட்டே வா என்கிறது. எஞ்சுவது ஷாடோ மரபு. ஒரு ஃபோக்கஸ் புள்ளிக்கு இருளைப் பரப்பி, அந்த இருளுக்குள் தான் மட்டும் பார்க்க முடிவதால், எதிரி காணாத நிலையில் அடிக்கும் எல்லா அடிகளுக்கும், நிக் அடி உட்பட, இரட்டைப் பகடைச் சலுகை கிடைக்கிறது. வெப்பன் மாஸ்டர் துறவியின் 25, இருளுக்குள் 33.8 ஆகிறது. இருளைப் பரப்பும் சுற்றில் அட்டாக் ஆக்‌ஷன் போய்விடும். ஆனால் 2024 விதிகளில் ஃப்ளரி அட்டாக் ஆக்‌ஷனை எதிர்பார்க்காது என்பதால் அந்தச் சுற்றும் முழுவதும் வீணாவதில்லை. கூட வரும் தோழர்களின் கண்களையும் அந்த இருள் மறைக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வில்லாளியின் முகச்சுளிப்பை ஒரு சண்டைக்குள்ளேயே காணலாம்.

இருளும் மனக்குவிப்பைக் கோருகிறது. ஹன்டர்ஸ் மார்க்கும் கோருகிறது, இரண்டையும் ஒருசேரப் பிடித்திருக்க முடியாது. ஆகவே ஷாடோ மரபை விரும்புபவருக்கு ரேஞ்சர் வழி அடைபட்டுவிடுகிறது; ஃபீட் அல்லது ஃபைட்டர் என்ற இரண்டுக்குள்தான் தேர்வு.

ஆயுதத்தைப் பொறுத்தவரை நிக் பண்பு குத்துவாள், சிறுசுத்தியல், அரிவாள், ஸ்கிமிட்டர் ஆகிய நான்குக்கும் உண்டு. மாங்க்கின் பகடையே ஆயுதப் பகடைக்கு மாற்றாக வருவதால், 25 பொன் விலையுள்ள ஸ்கிமிட்டருக்கும் 1 பொன் விலையுள்ள அரிவாளுக்கும் சேதத்தில் வேறுபாடே இல்லை. எறியவும் வேண்டுமென்றால் குத்துவாள். எலும்புக்கூடுகள் மலிந்த சுரங்கங்களுக்குப் போவதென்றால் நசுக்கும் சேதம் தரும் சிறுசுத்தியல். குறுவாளுக்கு நிக் இல்லாததால், பழைய மாங்க்குகளின் ஆஸ்தான ஆயுதம் இந்த வடிவமைப்பில் இடம்பெறவில்லை. காமா ஏந்திய துறவி என்ற படத்தை விரும்புபவருக்கு அரிவாள் இணை விதியாலும் தோற்றத்தாலும் ஒருங்கே பொருந்துகிறது.

ரேஞ்சராகத் தொடங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலிமைக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டியால் வீச விடும் ஃபினெஸ் பண்பு அரிவாளுக்கு இல்லை. அதை டெக்ஸ்டெரிட்டியால் வீசும் உரிமை மாங்க் வகுப்பு தருவது. முதல் லெவலில் ஸ்கிமிட்டரோ குத்துவாளோ வைத்துக்கொண்டு, இரண்டாம் லெவலில் மாங்க் ஆனபின் அரிவாளுக்கு மாறுவதே சரி.

இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்னும் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் ஆடுபவர்களுக்கு இந்த விவாதத்தின் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே ஃப்ளரி ஒரே ஆக்‌ஷனில் இரண்டு அடிகளைத் தருகிறது. முதல் லெவலின் மொனாஸ்டிக் வெப்பன்ரி ஃபீட் அந்த அடிகளை மாங்க் ஆயுதங்களாலும் அடிக்க அனுமதிக்கிறது. இரண்டாவது ஆயுதம் புதிய அடி எதையும் சேர்ப்பதில்லை. ஒரு கையில் தடுக்கி விழவைக்கும் காமா, மறுகையில் ஆயுதத்தைத் தட்டிவிடும் சாய் என்று பண்புகளைப் பலவாக்க மட்டுமே உதவுகிறது. இரண்டு ஆயுதங்களுக்கும் தனித்தனியே ரூன் என்னும் மாயக் குறி பதிக்கும் செலவைத் தவிர்க்க டப்லிங் ரிங்ஸ் என்னும் இணை மோதிரங்களை வாங்கிவிட்டால் அங்கே வேலை முடிந்தது.

மீண்டும் 2024 மேசைக்கு வந்தால், முதல் மூன்று லெவல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெப்பன் மாஸ்டர் பொது வகை ஃபீட் என்பதால் நான்காம் லெவலுக்கு முன் எந்தப் பின்னணியும் அதைத் தராது. அதுவரை இரு அரிவாள்களையும் ஏந்தியிருப்பதில் நட்டம் எதுவும் இல்லை. அட்டாக் ஆக்‌ஷனை அரிவாளுக்கும் போனஸ் ஆக்‌ஷனை உதைக்கும் ஒதுக்கிவிட்டு நாளைக் கடத்தலாம். உதைகளின் சேதப் பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்ட விடும் டாவர்ன் பிராலர் ஃபீட், மாலுமிப் பின்னணியோடு தொடக்கத்திலேயே கிடைக்கிறது. அதே பின்னணி டெக்ஸ்டெரிட்டியையும் விஸ்டத்தையும் உயர்த்தவும் இடம் தருகிறது.

நிக் அடிக்கு மாடிஃபையர் சேர்க்கும் சண்டைப் பாணி, ஃபீட் வடிவில் இருந்தாலும், ஃபைட்டிங் ஸ்டைல் என்ற வகுப்பு அம்சம் உள்ளவர்களுக்கே திறக்கும். ஆகவே தூய மாங்க் எத்தனை ஃபீட் எடுத்தாலும் அந்த ஐந்தாவது அடி 4 புள்ளி குறைவாகவே இருக்கும். ஆறாம் லெவலுக்குப் பிறகு அதைச் சரிசெய்ய ஃபைட்டரில் ஒரு லெவல் எடுக்கலாம் என்று தோன்றும்; அப்படி எடுத்தால் ஃபைட்டரே நிக் பண்பைத் தந்துவிடுவதால், நான்காம் லெவலில் செலவிட்ட வெப்பன் மாஸ்டர் ஃபீட் வெறும் 1 புள்ளி டெக்ஸ்டெரிட்டியாகச் சுருங்கிவிடும். இந்த இரண்டில் எது என்பதை நான்காம் லெவல் வருவதற்கு முன்பே, ஆட்டம் எந்த லெவல்வரை போகும் என்று டன்ஜன் மாஸ்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்: எட்டாம் லெவலோடு முடியும் ஆட்டத்துக்கு ஃபீட், அதைத் தாண்டி நெடுநாள் ஓடும் ஆட்டத்துக்கு ஏழாம் லெவலில் ஃபைட்டர்.